நானோபொருள்களைப் பெருமளவில் செய்வது பல்கலைக்கழகத்தின் வேலையா?

கேள்வி கேட்டவர் முதுகலை இறுதியாண்டு மாணவர். நானோ உற்பத்தி பற்றி ஆராயும் ஒரு குழுவில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறதாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. "கிராஃபீனையும் நானோகுழாயையும் இனித் தொழிற்சாலை அளவில் செய்துவிடலாம் என்று நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்து செய்தி வருகிறது, பொருளைத்தான் காணோம். இது ஆராய்ச்சியா, விளம்பரமா? பெரிய அளவில் செய்வது கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று எழுதியிருக்கிறார். (பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டின் ஓர் அணு தடிமனுள்ள ஏடுதான் கிராஃபீன். அந்த ஏட்டைச் சுருட்டியதுபோல் இருப்பது நானோகுழாய். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.) இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பொருள் எங்கே என்பது ஒன்று. ஒரு கிராம் செய்யத் தெரிந்தபின் ஒரு டன் செய்வதில் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது என்பது மற்றொன்று. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று படுகிறது. முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நானோகுழாய் கலந்த மைகளில் முனைவர் பட்டம் செய்தேன். அதன்பின் பல ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தின் சோதனை உற்பத்தி வரிசையில், மெல்லிய பிளாஸ்டிக் சுருள்களின் மேல் பூச்சுப் போடுவதுதான் வேலை. ஆகவே மை, பூச்சு, சுருள் பற்றிச் சொல்வது கைப்பட்ட அனுபவம். சிப் தயாரிப்பு பற்றிச் சொல்வது வெளியிலிருந்து படித்தது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள்.

பொருளைக் காணோம் என்பது முழுக்கச் சரியில்லை. டயரைக் கறுப்பாக்கி வலுவாக்கும் கார்பன் பிளாக்கின் அடிப்படைத் துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவுதான். அது ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேல் தயாராகிறது. சுடரில் எரித்துச் செய்யும் நுண் சிலிக்காவுக்கு 1940-களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். லித்தியம் அயனி மின்கலங்களின் மின்முனைகளில் மின்சாரம் நன்றாகப் பாய நானோகுழாய் கலக்கிறார்கள். பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஃபெய் வெய் குழு, வினையூக்கித் தூளை வாயுவோட்டத்தில் கொதிக்கும் நீர்போலப் புரளவைத்து அதன்மேல் குழாய்களை வளர்க்கும் உலைகளை உருவாக்கியது. குழாய்கள் டன் கணக்குக்குப் போனதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. இவையெல்லாம் வேறொரு பொருளுக்குள் கலந்து மறைந்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இவற்றுக்கு ஓர் ஒற்றுமை இருக்கிறது: எல்லாமே குவியல். ஒரு துகள் கொஞ்சம் பெரிதாகவோ கோணலாகவோ இருந்தாலும் கோடிக்கணக்கில் சேரும்போது அது தெரியாது. நீங்கள் காத்திருந்து ஏமாந்தது வேறு வகைக்காக. ஒவ்வொரு துகளும் ஒரே அளவில், ஒரே திசையில், குறித்த இடத்தில் இருந்தால்தான் வேலை செய்யும் பொருள்கள் அவை. சிக்கல் முழுக்க அங்கேதான். பல்கலைக்கழகத்துக்கு வேலை இருப்பதும் அங்கேதான்.

குவாண்டம் புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள்; சில நானோமீட்டர் அளவில், நிறத்தோடு ஒளிரும் குட்டிப் படிகங்கள் அவை. 1993-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மௌங்கி பவெண்டியும் மாணவர்களும் ஒரே அளவிலான புள்ளிகளைச் செய்யும் வழியை வெளியிட்டார்கள் (2023-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்). சுமார் 300 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவத்துக்குள் மூலப்பொருளை ஊசியால் சட்டென்று செலுத்துவார்கள். ஒரே நொடிப்பொழுதில் எண்ணற்ற படிகக் கருக்கள் பிறக்கும். உடனே வெப்பம் இறங்குவதால் புதிய கருக்கள் பிறப்பது நின்றுபோகும். எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்ததால் ஒரே அளவில் வளரும். கையடக்கக் குடுவையில் இது அழகாக நடக்கும். இதையே 100 லிட்டர் கலத்தில் செய்து பாருங்கள். செலுத்திய திரவம் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேரவே பல நொடிகள் ஆகும். ஓரிடத்தில் கரு பிறந்து வளர்ந்துகொண்டிருக்கும்போது இன்னோரிடத்தில் அப்போதுதான் பிறக்கும். வெப்பத்தையும் சீக்கிரம் இறக்க முடியாது. கலத்தின் நீள அகல உயரங்களைப் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகிறது, வெப்பம் வெளியேறும் சுவர்ப்பரப்போ நூறு மடங்குதான். குவாண்டம் புள்ளியின் அளவுதான் அதன் நிறம். அளவு சிதறினால் நிறம் மங்கும். அதே வேதியியல், அதே மூலப்பொருள், பொருள் மட்டும் வேறு!

இதற்குப் பெரிய கலம் வாங்குவது தீர்வாகாது. ஊசியால் செலுத்தாமல் மெதுவாகச் சூடேற்றியே கருக்களை ஒரே நேரத்தில் பிறக்கவைக்க எந்த மூலப்பொருள் ஒத்துவரும்? மெல்லிய குழாய்க்குள் திரவத்தை ஓடவிட்டு, ஓட்டத்தின் ஒவ்வொரு துளியையும் ஒரு குட்டிக் குடுவையாக ஆக்க முடியுமா? இப்படித்தான் குழுக்கள் யோசிக்க வேண்டியிருந்தது. இவை வேதியியல் கேள்விகள், ஓட்டவியல் கேள்விகள். கேட்டுப் பார்க்க நேரமும் தோற்றுப்போக அனுமதியும் வேண்டும். லாப நட்டக் கணக்கு பார்க்கும் இடத்தில் இரண்டும் கிடைப்பது அரிது.

அடுத்தது என் சொந்தத் தலைவலி: கட்டி. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் (எண்ணிக்கை 1-க்குப் பின் 21 சைபர்) மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர். அந்தப் பரப்பு முழுவதும் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளத் துடிக்கிறது. நானோபொருள் தனித்தனியாக இருப்பதை விரும்புவதில்லை. பிரித்துவிட்டால் திரும்பச் சேர்ந்துகொள்ளும். ஆய்வகத்தில் கேளா ஒலிக் கம்பியைத் திரவத்துக்குள் விட்டுக் குலுக்கிப் பிரிப்போம். ஆனால் அதன் தாக்கம் கம்பியின் நுனியைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான். பெரிய தொட்டியில் நுனிக்கருகே இருக்கும் குழாய்கள் நறுங்கிப்போகும், ஓரத்தில் இருப்பவை அசையக்கூடச் செய்யாது.

ஒரு முறை எங்கள் வரிசையில் நாற்பது மீட்டர் வரை கண்ணாடிபோல ஓடிய பூச்சில் திடீரென்று ஒரு வெறும் கோடு விழுந்தது. ஸ்லாட் டை என்று ஒரு பூச்சுத் தலை உண்டு. மயிரிழைப் பிளவு வழியாக மை வழிந்து சுருள்மேல் படியும். அந்தப் பிளவில் ஒரே ஒரு கட்டி சிக்கியிருந்தது. அதன் பின்னால் போன அத்தனை மீட்டரும் வீண். மையை மறுபடி மறுபடி வடிகட்டினோம், கலக்கும் நேரத்தைக் கூட்டினோம், மூன்று வாரம் போனது. கடைசியில் பார்த்தால் காரணம் மையிலேயே இல்லை. குழாய்த்தூள் அனுப்பியவர்கள் உலர்த்தும் முறையைச் சத்தமில்லாமல் மாற்றியிருந்தார்கள். பையின்மேல் அதே பெயர், அதே தரச்சான்றிதழ். என் மாணவர் காலத்தில் இருபது மில்லிலிட்டர் மையை ஒரே பையிலிருந்து எடுத்துச் செய்துகொண்டிருந்தபோது இப்படி ஒரு தொல்லை இருப்பதே தெரியாது.

தூளின் தரம் பற்றிப் புலம்புவது நான் ஒருவன்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, உலகம் முழுவதும் 60 நிறுவனங்கள் கிராஃபீன் என்று விற்ற தூள்களை வாங்கிச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. எதிலுமே 50 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மீதியெல்லாம் நுணுக்கிய கிராஃபைட். கிராஃபீன் கலந்தேன், பலன் இல்லை என்று யாராவது சொன்னால், அவர் கலந்தது என்ன என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்ய எந்த விற்பனையாளருக்கும் ஆர்வம் இருந்திருக்காது. பல்கலைக்கழகம்தான் செய்தது.

பெருமளவு உற்பத்தியில் நல்ல ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் கேட்டால் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியைக் காட்டுவேன். ஜோனதன் கோல்மன் குழு 2008-இல் சரியான கரைப்பானில் கேளா ஒலி கொடுத்தால் கிராஃபைட் ஏடு ஏடாகப் பிரியும் என்று காட்டியது. 2014-இல் கேளா ஒலியே வேண்டாம், வேகமாகச் சுழலும் கலக்கி போதும் என்றது. சமையலறை மிக்ஸியிலும் நடக்கும் என்று காட்டியதால் செய்தித்தாள்கள் மிக்ஸியையே பிடித்துக்கொண்டன. என் கண்ணுக்கு முக்கியமானது ஓர் எண். திரவத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் வீதம் நொடிக்கு சுமார் 10,000-ஐத் தாண்டினால் ஏடுகள் பிரியத் தொடங்கும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பரப்புகள் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று கடந்தால் அந்த வீதம் வந்துவிடும். இந்த எண் கையில் இருந்தால் எந்தத் தொட்டிக்கு எந்தக் கலக்கி, எத்தனை சுற்று என்று ஒரு பொறியாளர் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். அவர்கள் டன் கணக்கில் எதையும் செய்து காட்டவில்லை. டன் கணக்கில் செய்ய எது தெரிந்திருக்க வேண்டுமோ அதைக் கண்டுபிடித்தார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம், நம்மையெல்லாம் அவசரப்பட வைத்த படம் ஒன்று உண்டு. 2009-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ராட் ருவாஃப் குழு, சுமார் 1,000 டிகிரியில் செம்புத் தகட்டின்மேல் மீத்தேனிலிருந்து ஓரடுக்குக் கிராஃபீன் வளர்த்தது. செம்பில் கார்பன் கரைவதில்லை என்பதால் ஓர் அடுக்கு மூடியதும் வளர்ச்சி பெரும்பாலும் தானே நின்றுவிடும். மறு ஆண்டே தென் கொரியாவின் சுங்க்யுன்க்வான் பல்கலைக்கழகக் குழு 30 அங்குலக் கிராஃபீன் படலத்தை உருளைகளுக்கிடையே ஓட்டிப் பிளாஸ்டிக்கின்மேல் மாற்றிக் காட்டியது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு இனித் தொடுதிரைகள் எல்லாம் கிராஃபீன்தான் என்று நானும் நாலு பேரிடம் சொன்னேன். வளர்ப்பது ஓரளவு கைவந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் ஓர் அணு தடிமனுள்ள படலத்தைச் செம்பிலிருந்து கிழியாமல், சுருங்காமல், பிசின் ஒட்டாமல் பெயர்த்து இன்னொன்றின்மேல் வைப்பது வளர்ப்பதைவிடக் கடினமான வேலையாக இன்றுவரை இருக்கிறது. வளர்ப்பிலும் வேகம் ஒரு கேள்வி. 2018-இல் எம்.ஐ.டி. குழு ஒன்று வடிகட்டிப் படலங்களுக்கான கிராஃபீனைச் சுருளாக வளர்த்தபோது வேகம் நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் 10 மீட்டர். ஆராய்ச்சிக்கு அது சாதனை. சாதாரணப் பூச்சு வரிசையில் வேலை செய்கிறவர் சிரிப்பார்.

நீங்கள் சேரும் குழு அளவீட்டில் கை வைத்திருந்தால் நான் உங்களைப் பொறாமையோடு பார்ப்பேன். இந்தத் துறையின் மிகப் பெரிய ஓட்டை அதுதான். கணக்குப் போடுங்கள்: ஒரு மீட்டர் அகலச் சுருள் நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 10 சதுர மீட்டர். அதில் 100 நானோமீட்டர் குறையைக் கண்டுபிடிக்க, 100 நானோமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் படம் எடுத்தால் நிமிடத்துக்கு 1-க்குப் பின் 15 சைபர் அளவு புள்ளிகள் வரும். எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆகவே எல்லோரும் சுருளின் தலையிலும் வாலிலும் ஒரு துண்டு வெட்டிப் பார்க்கிறோம், நடுவில் இருப்பதை நம்புகிறோம். ஒளிச்சிதறலையோ மின்தடையையோ ஓட்டத்திலேயே அளந்து, உள்ளே நானோ அளவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கும் வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த ஊகத்தை எந்த அளவு நம்பலாம் என்பதே முனைவர் பட்டத்துக்குப் போதுமான கேள்வி.

எவ்வளவு காலம் ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நானோ அச்சுப்பதிப்பு என்று ஒரு முறை. நானோ அளவு மேடுபள்ளம் கொண்ட அச்சை மென்மையான பிசின்மேல் அழுத்தி உருவத்தைப் பதிப்பது. ஸ்டீஃபன் சௌ 1995-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இதை வெளியிட்டார். புற ஊதாக் கதிரால் பிசினை இறுக்கும் வகையை ஆஸ்டினில் கிராண்ட் வில்சனும் ஸ்ரீனிவாசனும் 1990-களின் இறுதியில் உருவாக்கி, 2001-இல் நிறுவனம் தொடங்கினார்கள். 2014-இல் கேனன் அதை வாங்கியது. சிப் தயாரிப்புக்கான இயந்திரத்தைக் கேனன் 2023 அக்டோபரில்தான் விற்பனைக்கு அறிவித்தது. ஆரம்பக் கட்டுரையிலிருந்து 28 ஆண்டுகள். சிப் துறை முழுவதும் இதற்கு மாறுமா என்பது இன்னும் முடிவாகாத விஷயம். ஒரு தூசி அச்சில் ஒட்டினால் அடுத்தடுத்த பதிப்புகளிலெல்லாம் அது விழும்.

சில சமயம் ஒரே ஒரு படியை மட்டும் மாற்றினால் போதும். நானோகுழாய்களால் செய்த முதல் கணினியை ஸ்டான்ஃபோர்டில் 2013-இல் காட்டினார்கள்; 178 டிரான்சிஸ்டர்கள். 2019-இல் எம்.ஐ.டி. குழு 14,000-க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களோடு ஒரு செயலியைச் செய்தது. எனக்கு இவற்றைவிடப் பிடித்தது அதே எம்.ஐ.டி. குழுவிலிருந்து 2020-இல் வந்த கட்டுரை. சிப் செய்யும் வட்டத் தட்டுகளை நானோகுழாய்க் கரைசலில் ஊறவைத்துப் படியவைப்பதற்கு 48 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. எந்தத் தொழிற்சாலையும் அதற்கு இடம் தராது. இடையிடையே தட்டை உலரவிட்டு மீண்டும் ஊறவைத்தால் படிவது பல மடங்கு வேகமாகிறது என்று கண்டு அதை 150 நொடிக்குக் கொண்டுவந்தார்கள். பின்பு வணிக சிலிக்கான் ஆலைகளிலேயே செய்து காட்டினார்கள். இனி மிச்சம் இருப்பது பிரிக்கும் சிக்கல். சாதாரணமாக வளரும் ஒற்றைச்சுவர்க் குழாய்களில் (ஒரே ஏட்டால் ஆனவை) மூன்றில் ஒரு பங்கு, அணைக்க முடியாமல் எப்போதும் மின்சாரம் கடத்தும் உலோகத் தன்மை கொண்டவை. அவை ஒன்றிரண்டு தங்கினாலும் சுற்று வீணாகலாம்.

கவிழ்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பேயர் நிறுவனம் 2010-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஆண்டுக்கு 200 டன் நானோகுழாய் செய்யும் சோதனை ஆலையைத் திறந்தது. 2013-இல் அந்தத் தொழிலையே விட்டு விலகியது. செய்யத் தெரியாமல் போனதல்ல. செய்ததை யார், எதற்காக, என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பது அப்போது தெளிவாக இல்லை. நானோகுழாய்க்கு நல்ல சந்தையாக மின்கலம் வந்தது அதற்குப் பின்புதான். ஆய்வேட்டில் இந்தப் பகுதிக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்க மாட்டோம் என்பது எங்கள் குறை.

உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் இன்னொன்று, பாதுகாப்பு. நீண்டு விறைப்பாக இருக்கும் பலசுவர் நானோகுழாய்கள் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்கள் அடங்கியவை) எலிகளின் உடற்குழிச் சவ்வில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போன்ற பாதிப்பை ஏற்படுத்துகின்றன என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு குறிப்பிட்ட வகைப் பலசுவர்க் குழாயை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ், வேலையிடக் காற்றில் கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்க வேண்டாம் என்று 2013-இல் பரிந்துரைத்தது. இவை உறுதி. இதை வைத்து நானோ என்றாலே நஞ்சு என்பது தவறு. குட்டையாகச் சுருண்ட குழாய்க்கும், பிசினுக்குள் இறுகிய குழாய்க்கும் இதே முடிவைப் போட முடியாது. அவற்றுக்கு ஒவ்வொன்றாகத்தான் சோதிக்க வேண்டும், அது மெதுவாகத்தான் நடக்கிறது. பெருமளவில் செய்யும்போது ஆபத்து இடம் மாறும் என்பதையும் கவனியுங்கள். ஆய்வகத்தில் ஒரு கிராமைப் புகைபோக்கிக் கூண்டுக்குள் வைத்துக் கையாளலாம். வரிசையில் பத்துக் கிலோ பையை ஒருவர் கையால் பிரித்துக் கொட்டுவார். எங்களிடம் தூளாக வாங்குவதையே நிறுத்திவிட்டோம். ஈரக்குழம்பாக மட்டும்தான் உள்ளே வரும்.

உங்கள் முடிவுக்கு வருவோம். அந்தக் குழுவின் கட்டுரைகளை எடுத்து, அவர்கள் காட்டும் எண் மிகச் சிறந்த ஒரு மாதிரியின் எண்ணா, நூறு மாதிரிகளின் சராசரியும் சிதறலுமா என்று பாருங்கள். முதல் வகை மட்டுமே இருந்தால், தலைப்பில் உற்பத்தி என்று இருந்தாலும் அது வழக்கமான பொருளறிவியல் குழுதான். அதில் தப்பில்லை, நீங்கள் தெரிந்து சேர வேண்டும். நேர்காணலில் மூலத்தூள் எங்கிருந்து வருகிறது, புதிய பை வந்தால் என்ன சோதிப்பீர்கள் என்று கேளுங்கள். வீணான சுருளை என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். தேதி போட்டு எடுத்து வைக்கிறோம் என்று சொன்னால் நல்ல இடம். இயந்திரத்தை ஓட்டும் தொழில்நுட்பப் பணியாளரோடு தனியாக அரை மணி நேரம் பேச முடிந்தால் பேராசிரியரிடம் கேட்டதைவிட அதிகம் தெரிந்துகொள்வீர்கள். முதல் ஒன்றரை ஆண்டு கட்டுரை எதுவும் வராது, கையில் ஸ்பேனரோடு நிற்பீர்கள். உங்களோடு சேர்ந்த நண்பர்கள் அதற்குள் இரண்டு கட்டுரை போட்டிருப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்பதை மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.